வந்த அணிக்குக் கைதட்டினால் என்ன குறைந்துவிடும்?

சின்னசாமி மைதானத்துக்கு வரும் எந்த அணிக்கும் ஒரு கைதட்டல்கூடக் கிடைக்கக் கூடாது என்ற எண்ணம் பெங்களூரில் வேரூன்றிவிட்டது. அலுவலகச் சாப்பாட்டு மேசையில் அதைத்தான் பேசுகிறார்கள். 'கோட்டை', 'படையெடுப்பு' என்று சொல்லிச் சொல்லி வர்ணனையாளர்களும் அதைத்தான் வளர்க்கிறார்கள். எதிரணிக்காரர் சதமடித்தால் வாயை மூடிக்கொண்டு உட்கார். பவுண்டரிக் கோட்டருகே வந்து நின்றால் நிம்மதியாக நிற்க விடாதே. அவுட்டானால் பெவிலியன் படி ஏறும்வரை ஊளையிட்டு அனுப்பு. நல்ல ரசிகருக்கு இதுதான் இலக்கணமாம். இது தவறு, அடியோடு தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் தரப்பைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் என்றால் பக்கம் சேர வேண்டும். பக்கம் சேராதவருக்கு அது வெறும் ஸ்கோர் அட்டை. சொந்த மண்ணின் சத்தம் நம் அணிக்குப் பன்னிரண்டாவது ஆள். நம்மவர்கள் வெளிநாடு போனால் அங்கே யாரும் பூமாலை போடுவதில்லை. 'நல்ல ஷாட்' என்று மெல்லக் கைதட்டுவது வெள்ளைக்கார கிளப்புகள் விட்டுப்போன பழக்கம். பாகிஸ்தான் போன்ற அணி என்றால், எல்லையில் உயிர் போகும்போது கைதட்டுவது செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம். கடைசியாக, காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர் எப்படிக் கத்துவது என்பது அவர் பாடு.

இவற்றில் முதலாவது எனக்கும் சம்மதம். பக்கம் சேருங்கள், தொண்டை கிழியக் கத்துங்கள். கோலி இறங்கும்போது அந்தக் கிண்ணம் போன்ற மைதானத்தில் எழும் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அதற்கு அடுத்த படியில்தான் என் சண்டை.

1. "சத்தம்தான் சொந்த அணியின் பலம்."

அப்படியானால் 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் என்ன நடந்தது? 90,000க்கும் மேற்பட்டோர், கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீலச் சட்டை. பெரிய கூட்டம் ஒன்று வாயடைத்துப் போவதைக் கேட்பதைவிடத் திருப்தி வேறில்லை என்று முந்தைய நாளே பேட் கம்மின்ஸ் சொல்லிவிட்டார். மறுநாள் டிராவிஸ் ஹெட் 137 ரன் அடித்தார், ஆஸ்திரேலியா ஆறு விக்கெட் வித்தியாசத்தில் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. கோப்பை கைமாறியபோது பெரும்பாலான இருக்கைகள் காலி. வந்தவரை மிரட்டுவதை மட்டுமே தன் வேலையாக எடுத்துக்கொண்ட கூட்டத்துக்கு, மிரட்டல் பலிக்காத நாளில் செய்ய வேறெதுவும் தெரிவதில்லை. அந்த மௌனம் விழுந்தது ஆஸ்திரேலியர்கள் தலையில் அல்ல. விக்கெட் கிடைக்காமல் ஓடிவந்து பந்து போட்டுக்கொண்டிருந்த நம் பந்துவீச்சாளர்கள் தலையில்தான்.

மிரட்டல் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1996 மார்ச் 13, ஈடன் கார்டன்ஸ், உலகக் கோப்பை அரையிறுதி. இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்று தடுமாறியபோது பாட்டில்கள் பறந்தன, கேலரியில் தீ வைத்தார்கள். ஆட்ட நடுவர் கிளைவ் லாய்ட் வெற்றியை இலங்கைக்குக் கொடுத்தார். ஆட்டமிழக்காமல் நின்ற வினோத் காம்ப்ளி கண்ணீரோடு வெளியேறினார். அந்தக் கூட்டம் இலங்கைக்கு எந்தக் கேடும் செய்துவிடவில்லை. தன் அணிக்கு மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச வாய்ப்பையும் தன் கையால் எரித்துவிட்டது.

இன்னொன்று. ஊளையிடப் பழகிய வாய் ஆள் பார்த்து நிற்பதில்லை. 2024 ஐபிஎல்லில் வான்கடேயில் மும்பை ரசிகர்கள் ஊளையிட்டது மும்பைக் கேப்டன் ஹார்திக் பாண்டியாவைப் பார்த்துத்தான். 2018 ஏப்ரல் 10 அன்று காவிரிப் போராட்டத்தின் நடுவே சேப்பாக்கத்தில் வீசப்பட்ட செருப்புகள், எல்லைக்கோட்டருகே நின்ற சென்னை அணியினரை நோக்கியே வந்தன. மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போய்விட்டன. நம் பெங்களூரும் விலக்கல்ல. 2023 மே 21 இரவு, சின்னசாமியில் சுப்மன் கில் ஆட்டமிழக்காமல் 104 அடித்து நம் ஊர் அணியான ஆர்சிபியை வெளியேற்றினார். அன்றிரவே அவருடைய சகோதரியைச் சமூக ஊடகத்தில் வாய்கூசும் வார்த்தைகளால் ஏசத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெண் ஒரு பந்துகூடப் போடவில்லை. அவரை ஏசியதில் எந்த அணிக்கு என்ன பலம் சேர்ந்தது?

2. "அவர்கள் நம்மை அப்படித்தானே நடத்துகிறார்கள்?"

2021 ஜனவரியில் சிட்னியில் முகமது சிராஜை இனத்தைச் சொல்லி ஏசினார்கள். உண்மை. ஆட்டம் நின்றது, ஆறு பேர் கேலரியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், நம் வீரர்கள் ஏசப்பட்டதை ஆஸ்திரேலிய வாரியமே பிறகு உறுதிசெய்தது. இந்தியா முழுக்கக் கொதித்தது, கொதித்தது சரி. ஆனால் 2007 அக்டோபரில் வடோதராவிலும் மும்பையிலும் ஆண்ட்ரூ சைமண்ட்ஸைப் பார்த்துக் குரங்கு மாதிரி சத்தம் எழுப்பியது யார்? நம் கேலரிகள். சிட்னி அதற்குப் பதிமூன்று ஆண்டுகள் பின்னால் வருகிறது. ஆக, 'அவர்கள் ஆரம்பித்தார்கள்' என்ற வாதம் தேதியிலேயே தோற்றுவிடுகிறது.

தேதி நமக்குச் சாதகமாக இருந்தாலும் அந்த வாதம் நிற்காது. சிராஜ் நடுவரிடம் போய்ப் புகார் சொல்ல முடிந்தது எதனால்? அப்படி நடத்துவது தவறு என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு பொது விதி இருந்ததால். நீயும் செய், நானும் செய்கிறேன் என்று இறங்கிவிட்டால் அந்த விதி போய்விடும். அடுத்த சிராஜுக்குப் போய் நிற்க இடம் இருக்காது.

3. "கைதட்டுவது வெள்ளைக்காரன் பழக்கம்."

இந்த வாதம்தான் எனக்கு அதிகக் கோபம் வரவழைப்பது. தோற்றவரையும் எதிரியையும் மதிக்க நமக்கு இங்கிலாந்திலிருந்து யாரும் வந்து கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. புறநானூற்றின் 66ஆம் பாட்டைப் பாடிய வெண்ணிக் குயத்தியார், வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனின் முகத்துக்கு நேரே நின்று பேசுகிறார். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரன் உன்னைவிட நல்லவன் இல்லையா என்று கேட்கிறார். வென்ற அரசனின் ஊரில், வென்ற அரசனிடமே. அவரைத் துரோகி என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. பாட்டைத் தொகுத்துப் பத்திரப்படுத்தித்தான் வைத்தார்கள். இன்றைக்கு அலங்காநல்லூர் வாடிவாசலில், யார் கைக்கும் சிக்காமல் பாய்ந்துபோன வெளியூர்க் காளைக்கு 'மாடு வெற்றி' என்று ஒலிபெருக்கியில் அறிவித்துச் சொந்தக்காரரைக் கூப்பிட்டுப் பரிசு தருகிறார்கள். மாடு பிடிக்க இறங்கிய உள்ளூர் இளைஞர்கள் அதனால் அவமானப்பட்டதாக எவரும் நினைப்பதில்லை.

கிரிக்கெட்டிலும் சேப்பாக்கம் இதை எப்போதோ செய்து காட்டிவிட்டது. 1997 மே 21 அன்று பாகிஸ்தானின் சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக 194 அடித்தார். ஒருநாள் ஆட்டங்களில் அப்போது அதுவே உலகச் சாதனை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 1999 ஜனவரி 31 அதையும் விஞ்சியது. பாகிஸ்தானுடனான அந்த டெஸ்ட் தொடரே மிரட்டல்களுக்கு நடுவே நடந்தது. டெல்லி ஆடுகளத்தைச் சிவசேனைக்காரர்கள் தோண்டிப்போட்டிருந்தார்கள். சென்னையில் வெற்றிக்கு 271 தேவை. முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 அடித்து வெற்றியின் அருகே கொண்டுவந்தார். 17 ரன் பாக்கி இருந்தபோது சக்லைன் முஷ்டாக் அவரை வீழ்த்த, கடைசி நான்கு விக்கெட்டுகள் நான்கே ரன்னில் சரிந்தன. பன்னிரண்டு ரன்னில் தோல்வி. நம்ப முடியாமல் உறைந்திருந்த கேலரி, சற்று நேரத்தில் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கியது. வாசிம் அக்ரமின் அணி அந்தக் கைதட்டலுக்கு நடுவே மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தது. அன்று எழுந்து நின்றவர்கள் சீமைக் கனவான்கள் அல்லர். வெயிலில் காய்ந்துகொண்டு, பொட்டலச் சாப்பாட்டோடு உட்கார்ந்திருந்த சாதாரணச் சென்னைக்காரர்கள். அந்தத் தோல்வி அவர்களுக்கு வலிக்கவில்லை என்று சொல்பவர் சென்னையை அறியாதவர்.

4. "பெங்களூர் அப்படிப்பட்ட ஊர் இல்லை, ஏபிடிக்கே கைதட்டினோமே."

கைதட்டினோம். 2015 நவம்பர் 14 அன்று டிவில்லியர்ஸ் தன் நூறாவது டெஸ்டை இங்கே ஆட வந்தபோது 'ஏபிடி, ஏபிடி' என்ற முழக்கம் காதைப் பிளந்தது. இந்தியாவுக்கு எதிராக அவர் அடித்த 85 ரன்னையும் கொண்டாடினார்கள். 2023 உலகக் கோப்பையில் நியூசிலாந்தின் ரச்சின் ரவீந்திராவுக்கும் அதே வரவேற்பு. அவருடைய பெற்றோர் பெங்களூர்க்காரர்கள்.

ஆனால் 2024 அக்டோபர் 18 அன்று நான் கேலரியில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். இந்தியா 46 ரன்னுக்குச் சுருண்டிருந்த டெஸ்டின் மூன்றாம் நாள். ரச்சின் சதமடித்ததும் என் முன்வரிசையில் கோலியின் 18ஆம் எண் சட்டை போட்ட இளைஞர் இருக்கைமேல் ஏறி நின்று 'நம்ம ஹுடுக, நம்ம ஹுடுக' (நம்ம பையன்) என்று குதித்தார். மறுமுனையில் டிம் சவுதி. பந்துவீச்சாளரான அவர் சிக்ஸர்களாக விளாசி 65 எடுத்தார், ரச்சினோடு சேர்ந்து ஆட்டத்தையே நம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார். அவர் ஐம்பதைத் தொட்டபோது அந்த வரிசையில் ஒரு கைகூட அசையவில்லை. இளைஞர் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டார்.

ஏபிடி ஐபிஎல்லில் நமக்காக ஆடியவர், ரச்சின் நம் ரத்தம். நாம் கைதட்டியது நம்முடையது என்று நாம் கருதியதற்கு. அதில் தவறில்லை, ஆனால் அதை விருந்தோம்பல் என்று சான்றிதழ் எழுதிக்கொள்ள முடியாது. நமக்கும் அவருக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லாதபோது, அவருடைய வித்தை நம் அணியைத் தோற்கடிக்கும்போது, அப்போது என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. 1996 மார்ச் 9 அன்று இதே மைதானத்தில் உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜாவேத் மியாண்டாட் தன் கடைசி ஒருநாள் ஆட்டத்தை முடித்துக்கொண்டு நடந்தார். ஆறு உலகக் கோப்பைகள் ஆடியவர். எழுந்து கைதட்டிய வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா, அதற்காகப் பக்கத்தில் இருந்தவரிடம் பேச்சு வாங்கியதை எழுதியிருக்கிறார். சேப்பாக்கம் எழுந்து நின்றதற்கும், சின்னசாமியில் எழுந்தவர் பேச்சு வாங்கியதற்கும் இடையில் மூன்றே ஆண்டுகள்தான்.

5. "பாகிஸ்தானுக்குக் கைதட்டச் சொல்கிறாயா?"

ஆமாம், நன்றாக ஆடினால் சொல்கிறேன். பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இதைச் சொல்வது எவ்வளவு கசப்பாக இருக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

பாகிஸ்தானோடு ஆடவே கூடாது என்று ஒரு நிலைப்பாடு உண்டு. அதில் நேர்மை இருக்கிறது. 2013 ஐபிஎல்லில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக் கூடாது என்று ஜெயலலிதா அரசு சொன்னது. ஈழத்தில் நடந்தது அதற்குக் காரணம். அதனால் அப்போது ஆர்சிபியில் இருந்த முத்தையா முரளிதரன், ஒரு தமிழர், சேப்பாக்கத்தில் பந்துவீச முடியாமல் போனது. அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் அது பொறுப்பேற்றுக்கொண்டு, வெளிப்படையாக, ஆட்டத்துக்கு முன்னால் எடுத்த முடிவு. கூப்பிட்டு, விசா கொடுத்து, அவர்கள் பெயரைச் சொல்லி டிக்கெட் விற்றுக் காசு பார்த்துவிட்டு, வந்து இறங்கிய பதினொரு பேரை ஏசுவது அந்த நிலைப்பாடு ஆகாது. புறக்கணிக்கத் துணிவில்லாமல் அழைத்துவிட்டு, அழைத்த குற்றத்தை விருந்தாளி தலையில் கட்டும் வேலை அது.

2023 உலகக் கோப்பைக்கு வந்த பாகிஸ்தான் அணிக்கு அவர்கள் ஊரிலிருந்து ரசிகர்கள் வர வழியில்லை, விசா கிடைக்கவில்லை. ஆக, இருந்த ஒரே கூட்டம் நம் கூட்டம். ஹைதராபாத் அதைப் புரிந்துகொண்டது. அக்டோபர் 10 அன்று இலங்கையின் 344ஐ ரிஸ்வானும் அப்துல்லா ஷபீக்கும் துரத்திப் பிடித்தபோது அந்த ஊர் அவர்களுக்காகக் கத்தியது. நான்கே நாளில் அகமதாபாத்தில், அவுட்டாகிப் படியேறிய அதே ரிஸ்வானைப் பார்த்து 'ஜெய் ஸ்ரீராம்' என்று கத்தினார்கள். கடவுள் பெயரை ஒரு மனிதரைக் குத்தும் கம்பாக ஆக்கினார்கள். அதைக் கண்டித்தவர்களில் தமிழ்நாட்டின் அப்போதைய விளையாட்டுத் துறை அமைச்சர் உதயநிதி ஸ்டாலினும் ஒருவர்.

அக்டோபர் 20, சின்னசாமி. ஆஸ்திரேலியாவும் பாகிஸ்தானும் மோதிய ஆட்டம். இந்தியா ஆடவே இல்லை. பாகிஸ்தான் சட்டை போட்ட ஒருவர் 'பாகிஸ்தான் ஜிந்தாபாத்' என்று கத்துகிறார். காவலர் ஒருவர் வந்து, அப்படிக் கத்தக் கூடாது என்கிறார். பாகிஸ்தான் ஆடும்போது வேறு எதைச் சொல்வது என்று அவர் திருப்பிக் கேட்கிறார். காணொளி நாடு முழுக்கச் சுற்றியது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது, ஏனென்றால் பதில் இருக்க முடியாது. ஒரு அணியை ஆட விட்டுவிட்டு அதன் பெயரைச் சொல்லத் தடைபோடுவதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

இங்கேதான் இந்தப் பரவலான கருத்தின் உண்மையான விலை தெரியவருகிறது. வந்த அணியை வெறுப்பது கடமை என்றால், வெறுக்காதவர் யார் என்று தேடுவதும் கடமையாகிவிடுகிறது. கண்கள் மைதானத்தை விட்டுப் பக்கத்து இருக்கைக்குத் திரும்புகின்றன. 2014 மார்ச்சில் ஆசியக் கோப்பை ஆட்டத்தில் பாகிஸ்தானுக்குக் குரல் கொடுத்ததாக மீரட் பல்கலைக்கழகம் ஒன்று அறுபதுக்கும் மேற்பட்ட காஷ்மீர் மாணவர்களை இடைநீக்கம் செய்தது. அவர்கள்மேல் பதிந்த தேசத்துரோக வழக்கைப் பிறகு கைவிட வேண்டியிருந்தது. 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றபோது, பாகிஸ்தானுக்குக் குரல் கொடுத்ததாக ஆக்ராவில் மூன்று காஷ்மீர் மாணவர்கள் கைதானார்கள். அலகாபாத் உயர்நீதிமன்றம் ஜாமீன் தரும்வரை ஐந்து மாதங்களுக்கு மேல் சிறையில் கிடந்தார்கள். அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றதற்கு, இந்தியாவுக்காக ஓடி ஓடிப் பந்துவீசிய முகமது ஷமியையும் விட்டுவைக்கவில்லை. அவருடைய மதத்தைச் சொல்லி ஏசினார்கள். பாகிஸ்தான் வீரர்களுக்கு இதனால் ஒரு கீறலும் இல்லை. அடிபட்டவர்கள் அத்தனை பேரும் இந்தியர்கள்.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. 2016 செப்டம்பரில் காவிரிக்காகத் தமிழ்நாட்டுப் பதிவெண் பார்த்து பஸ்களும் லாரிகளும் எரிக்கப்பட்ட ஊர் இது. சென்னை அணி சின்னசாமிக்கு வரும் நாளில் மஞ்சள் சட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய், சுற்றியிருப்பவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பையன்களை எனக்குத் தெரியும். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பிறந்து வளர்ந்தவர்கள், கன்னடத்தில் கனவு காண்பவர்கள். பாகிஸ்தான் சட்டைக்கு ஒரு நியாயம், மஞ்சள் சட்டைக்கு ஒரு நியாயம் என்று பிரித்து வைக்க முடியாது. ஒன்றைப் போடக் கூடாது என்று ஒத்துக்கொண்டவர் மற்றதையும் கழற்றி வைக்கத் தயாராக இருக்க வேண்டும்.

6. "உணர்ச்சியை அடக்க முடியாது, காசு கொடுத்திருக்கிறோம்."

அடக்க முடியும் என்பதை விராட் கோலி இரண்டு முறை நிரூபித்திருக்கிறார். 2019 ஜூன் 9, லண்டன் ஓவல்: ஸ்டீவ் ஸ்மித்தைப் பார்த்து ஊளையிட்ட இந்திய ரசிகர்களிடம், கைதட்டுங்கள் என்று சைகை செய்தார், ஐசிசி அதற்கு விருதே கொடுத்தது. 2023 அக்டோபர் 11, டெல்லி: நவீன்-உல்-ஹக்கைச் சீண்டிக்கொண்டிருந்த கூட்டத்தை ஒரு கையசைவில் நிறுத்தச் சொன்னார், இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஒரு கையசைவுக்கு அடங்குவது அடக்க முடியாத உணர்ச்சி அல்ல. ஒலிபெருக்கியில் டிஜே எடுத்துக்கொடுக்கும் முழக்கத்தை ஆயிரக்கணக்கானோர் ஒரே தாளத்தில் திருப்பிச் சொல்வதும் தானாகப் பொங்குவது அல்ல; யாரோ பற்றவைத்து, யாரோ ஊதுவது. டிக்கெட் காசைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன்: பக்கத்து இருக்கைக்காரரும் அதே காசைத்தான் கொடுத்தார்.

பார்வையாளர்களிடம் நான் கேட்பது மிகக் குறைவு. எதிரணிக்காரர் ஐம்பதோ நூறோ அடித்தால், ஐந்து விக்கெட் எடுத்தால், கைதட்டுங்கள். அடிபட்டு விழுந்தால் அமைதியாக இருங்கள். கேலி செய்யுங்கள், ஆனால் மதம், நிறம், சாதி, வீட்டுப் பெண்கள் பக்கம் போகாதீர்கள். கர்நாடக மாநில கிரிக்கெட் சங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. சொந்த அணியின் சாதனையை எந்தக் குரலில், எவ்வளவு நேரம் அறிவிக்கிறதோ அப்படியே வந்த அணியின் சாதனையையும் அறிவிக்க வேண்டும். டிஜேயின் கையில் இருக்கும் முழக்கப் பட்டியலுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும். கேலரியில் நிற்கும் ஒவ்வொரு காவலரின் கையிலும் கன்னடத்தில் எழுதிய உத்தரவு ஒன்று இருக்க வேண்டும்: பொருள் வீசுபவரை, இனத்தையோ மதத்தையோ சொல்லி ஏசுபவரை உடனே வெளியேற்று, எந்த அணியின் பெயரைச் சொல்லிக் கத்தினாலும், எந்த நிறச் சட்டை போட்டிருந்தாலும் அவர்மேல் கை வைக்காதே, அவரை மற்றவர்கள் சூழ்ந்துகொண்டால், விலக்க வேண்டியது சூழ்ந்தவர்களை.